போனுக்குக் கரை காட்டிய நாள்

நவம்பர் 24

காக்கிநாடாவிலிருந்து ஒருவழியாகக் கிளம்பிவிட்டோம். அரிசி ஏற்றும் கப்பலுக்கு மழைதான் எஜமான் என்பது எனக்கு இதுவரை தெரியாது. ஒரு தூறல் விழுந்தால் போதும். கிடங்கின் மூடியை இழுத்துச் சாத்திவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். கரை கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் போன் சிக்னல் எட்டாத தூரத்தில் நங்கூரம் போட்டு வாரக்கணக்கில் கிடந்தோம். இருட்டியதும் ஊர் விளக்குகள் தெரியும். அங்கே யாராவது ஒருத்தி பிள்ளையைச் சாப்பிடச் சொல்லித் திட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

கப்பலில் எல்லோரும் ஆண்கள். நான் ஒருத்திதான் பெண். அதிகாரிகளின் மனைவிமார் கூடப் பயணம் செய்யலாம் என்று கம்பெனியில் ஒரு சலுகை இருக்கிறது. செகண்ட் இஞ்சினியர் நம்பிராஜனின் மனைவி என்ற தகுதியில் வந்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் கல்லூரி நூலக வேலைக்குச் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. "ரெண்டு பேரும் கொஞ்சம் சேந்து இருந்துட்டு வாங்க" என்று அத்தை அனுப்பிவைத்தாள். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. நாங்கள் ஒரு கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் அதில் பாதிகூடத் தேறாது.

போன வருடம் ஆவணியில் நடந்ததைப் பற்றி இந்த நோட்டில் எழுதப்போவதில்லை.

நவம்பர் 27

அலை பெரிதாக இல்லை. கொண்டுவந்த புத்தகங்களில் மூன்றை முடித்துவிட்டேன். நாலாவதைத் தொடப் பயமாக இருக்கிறது. அதுவும் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது?

அவர் விடிவதற்கு முன் எஞ்சின் ரூமுக்கு இறங்கிப் போகிறார். சாயங்காலம் ஏறி வருகிறார். காதில் அடைத்த பஞ்சை எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருப்பார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"தல சுத்தலு இருக்கா?"

"இல்ல."

"சரி. படு."

இதுதான் எங்கள் பேச்சு. நேற்றும் இதே, முந்தாநாளும் இதே.

வேடிக்கை என்னவென்றால், இவர் நன்றாகப் பேசுகிறவர். நான் ஊரிலும் இவர் கடலிலும் இருந்தபோது துறைமுகத்துக்குத் துறைமுகம் வாய்ஸ் நோட் வரும். சமையல்காரர் போட்ட சண்டை, தண்ணீரின் நிறம், பறந்து வந்து மேல்தளத்தில் விழுந்த மீன்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். நூலகத்தில் அடுக்குகளுக்கு நடுவே நின்று காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் தனியே சிரிப்பேன். நான் வாழ்ந்தது அந்தக் குரலோடுதான். ஆவணிக்குப் பிறகு அதுவும் தேய்ந்து நின்றுபோயிற்று. நேரில் வந்தால் திரும்பக் கிடைக்கும் என்று நினைத்துக் கப்பல் ஏறினேன். ஆளும் காலுறையும் சோப்பு வாசனையும்தான் பக்கத்தில் இருக்கின்றன. குரலைக் காணோம்.

நவம்பர் 30

சாப்பாட்டு மேசையில் கேப்டன் குருவிளா கேட்டார். கோட்டயத்துக்காரர். அவர் தமிழில் பாதி மலையாளம்தான்.

"மோளே, அடுத்த பெரிய போர்ட் மொம்பாசா. அங்கிருந்து ஃபிளைட் உண்டு. அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துக்கு நல்ல ஏர்போர்ட் ஒண்ணும் கிடைக்காது. இறங்கணும்னா இப்பவே சொல்லிடு. வழியில ஒரு தீவு வரும், அதை விட்டதும் நான் ஏஜெண்டுக்கு மெயில் அனுப்பணும்."

அவர் இப்படிக் கேட்பதற்குக் காரணம் நான்தான். போன வாரம் நானாகவே போய் விசாரித்தேன். இவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். மேசையில் இவர் தலை நிமிரவில்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார். ஆக, தெரியும்.

இறங்கினால் ஊருக்குப் போவேன், ஆனால் அத்தை வீட்டுக்கு இல்லை. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயும் இந்த ஒரு வரிதான்.

டிசம்பர் 1

கொள்ளைக்காரர்கள் ஏறிவிடக் கூடாதென்று கப்பலைச் சுற்றி முள்கம்பி கட்டுகிறார்கள். கடலை இனி அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 3

இன்று அவராகவே வந்து சொன்னார்.

"தீவுல ஒரு நாள் நிப்போம். கொஞ்சம் அரிசி இறக்கணும். நம்ம ரெண்டு பேரும் கரைக்குப் போவோம். சீஃப் இஞ்சினியர்ட்ட கேட்டுட்டேன்."

"சரி."

"கடற்கரை நல்லாருக்கும்னு சொல்லுதாங்க."

"சரிங்க."

இன்னும் ஏதோ சொல்ல வந்து கதவின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு போய்விட்டார். நான் நீலப் புடவையைத் தேய்த்து வைத்தேன். புடவையோடு படகில் இறங்க முடியாது என்று பிறகுதான் உறைத்தது. சுடிதாரையும் தேய்த்து வைத்தேன்.

முடிவைத் தீவில் எடுப்பது என்று வைத்திருக்கிறேன். நாள் முழுக்க வெறும் மண்ணில், எஞ்சின் சத்தமில்லாத இடத்தில், அவரால் ஆவணியைப் பற்றி ஒரு வாக்கியம் பேச முடிந்தால் இருப்பேன். முடியாவிட்டால் மொம்பாசா.

டிசம்பர் 5

காலையில் ஒரு ஜெனரேட்டர் நின்றுவிட்டது.

முழங்கை வரை கருப்பு எண்ணெயோடு அவர் மேலே வந்தபோதே தெரிந்துவிட்டது. நான் தலை வாரி, செருப்பு போட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"ஆவுடை, இன்னைக்கு முடியாது போல."

"ம்."

"மிக்கேலண்ணன் காய்கறி வாங்கப் போறாரு. நீ அவரோட போயிட்டு வா."

"ம்."

"கோவமா?"

"இல்ல."

அவர் நின்றார். கைத்துணியால் விரல்களைத் துடைத்தார். எண்ணெய் துணியிலிருந்து விரலுக்குத்தான் வந்தது. கீழேயிருந்து யாரோ கூப்பிட, போய்விட்டார்.

மிக்கேல் அண்ணன் கப்பலில் சாப்பாட்டையும் அறைகளையும் கவனிக்கிற ஸ்டூவர்டு, தூத்துக்குடிக்காரர். எல்லோர் முன்னாலும் என்னை மேடம் என்பார், சமையலறையில் தங்கச்சி. ஏணியடியில் ஒரு துணிப்பையோடு நின்றிருந்தார். பைக்குள் செல்போன்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் டேப் ஒட்டி வேலையின் பெயரை எழுதியிருந்தார்கள்: குக், போசன், தேர்ட் மேட், ஃபிட்டர்.

"இது என்னண்ணே?"

"போனுக்குக் கரை காட்டப் போறோம், மேடம். நம்ம கப்பல்ல ஏது நெட்டு? டியூட்டில நிக்கிறவன் கரைக்கு வர முடியாது. அவன் போன் வரலாம்லா? இங்கயே பேசிப் பதிஞ்சு அனுப்பி வச்சிருவான். கரையில வைஃபை பிடிச்சதும் அது பாட்டுக்குப் போயிரும். வீட்டுல இருந்து வந்து கெடக்கிறதும் இறங்கிரும்."

திரைப் பூட்டை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். கொண்டுபோகிறவர் இணைத்துவிட்டு உடனே குப்புறக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். அடுத்தவன் திரையைப் பார்க்கக் கூடாது. யாரும் இதுவரை பார்த்ததில்லை என்றார் அண்ணன்.

படகில் கால் வைக்கும் நேரம் இவர் ஓடி வந்தார். கையில் தன்னுடைய போன். அதன் முதுகிலும் டேப், செகண்ட் இஞ்சினியர் என்று.

"இதையும்…" என்றார்.

வாங்கிப் பைக்குள் போட்டேன். எல்லோருடைய போனையும்போல. மனைவி கப்பலிலேயே இருக்கும்போது இவர் கரையில் யாரோடு பேச வேண்டும் என்று தோன்றியது. அத்தையோடு இருக்கும். கேட்கவில்லை.

படகு ஆடியது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"நல்லா பிடிச்சுக்கங்க தங்கச்சி. நீங்க தண்ணில விழுந்தா ஒருத்தன்தான் குதிப்பான். பை விழுந்தா கப்பலே குதிச்சிரும்."

சிரிப்பு வந்தது. வந்ததே என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

இறங்குதுறையில் கால் வைத்ததும் தரை ஆடியது. உடம்புக்கு இன்னும் கப்பல்தான் ஞாபகம். கற்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படித்த கதைகளிலெல்லாம் தீவு என்றால் புதையல் இருக்கும், இல்லாவிட்டால் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவன் இருப்பான். இங்கே ஒரு தபால் நிலையமும் துருப்பிடித்த தகரக் கூரைகளும் இருந்தன. ஈரமான சிவப்பு மண். பச்சை அவ்வளவு அடர்த்தியாக இருந்ததால் முதலில் கண்ணுக்கு வலித்தது.

அப்புறம் மீன் விற்கிற இடத்தில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மொழி பிரெஞ்சு மாதிரி ஒலித்தது, ஒரு சொல்லும் புரியவில்லை. இடுப்பில் கை வைத்து ஒருத்தி கேட்க, மற்றவள் வானத்தைச் சாட்சிக்கு அழைத்தாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். பெண்ணின் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்பது அப்போதுதான் காதுக்கே தெரிந்தது. அவர்கள் சண்டையை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டிருந்திருக்கிறேன் போல. ஒருத்தி தன் மீன்கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பிடி ஐஸ் கட்டியை என் கையில் திணித்தாள். வெயிலில் மயக்கம் என்று நினைத்திருப்பாள்.

மிக்கேல் அண்ணன் என்னை ஒரு ரொட்டிக் கடையில் உட்கார்த்திவிட்டுச் சந்தைக்குப் போனார். கடைக்காரியை அவருக்கு முன்பே தெரியும். மதாம் ஒர்தான்ஸ். பெரிய உடம்பு, பூப்போட்ட கவுன், உடைந்த ஆங்கிலம். நான் மேசையில் ஒவ்வொரு போனாக எடுத்து வைப்பதைப் பார்த்து இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

"இத்தனை புருஷனா உனக்கு?"

"ஒன்றுதான். மற்றதெல்லாம் இரவல்."

"ஒன்றே அதிகம்" என்றாள். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஒவ்வொன்றாக இணைத்துக் கவிழ்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று முனகியது, இன்னொன்று மணியடித்தது. அப்புறம் எல்லாம் சேர்ந்து, மழை விட்ட குளத்தில் தவளைகள்போல, மேசையே அதிர்ந்தது. எத்தனை வீடுகளிலிருந்து எத்தனை பேர் இத்தனை நாளாகக் காத்திருந்திருக்கிறார்கள். ஒன்று மேசை விளிம்புவரை நடந்து வந்துவிட்டது. பிடித்து நடுவில் வைத்தேன்.

மதாம் சீமைப்பலா வறுவலும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பிள்ளைகள்?"

"ஒன்று" என்றேன்.

"எங்கே?"

"வீட்டில்."

"ஆணா?"

"ஆண்."

அவள் தன் மார்பில் கை வைத்துக் கண்ணை மூடித் திறந்தாள், பிரிந்து வந்திருக்கிறாயே என்பதுபோல. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்ன பிறகு வறுவலை முழுக்கச் சாப்பிட்டேன். நல்ல பசி.

கடைசியில்தான் என் போனை இணைத்தேன். அம்மா, நூலகத்துத் தோழி, அத்தை. அதற்கப்புறம் இவர் பெயர் வந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக வாய்ஸ் நோட்டுகள். பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த இவருடைய போன் அனுப்ப அனுப்ப, என் போன் வாங்கிக்கொண்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

காதில் வைத்தேன்.

"ஆவுடை, மழை இன்னும் விடல. நீ மேல வாசிச்சிக்கிட்டிருப்ப. இங்க நின்னா சட்டையப் பிழியலாம்…" காக்கிநாடாவில் கிடந்தபோது பேசியது.

"இன்னைக்கு மேசைல நீ சிரிச்ச. மிக்கேலண்ணன் என்னமோ சொன்னாரு, எனக்குக் கேக்கல. என்ன சொன்னாரு?"

"நீ டால்பின் பாத்தேன்னு சொன்னியே, அப்ப எனக்கு பம்பு நெனப்பு. நான் சரியாவே கேக்கல. எத்தனை வந்துச்சு? கூட்டமாவா?"

"கொஞ்சம் கறுத்துட்ட. நல்லாத்தான் இருக்கு."

ஒன்றில் எஞ்சின் இரைச்சல் மட்டும். நெடுநேரம் இரைச்சல். முடிகிற இடத்தில் ஒரு தொண்டைச் செருமல். அதை இரண்டு தடவை கேட்டேன்.

கடைசியாக வந்தது இன்று காலையில் பேசியது. "ஜெனரேட்டர் போச்சு. கரைக்கு வர முடியாது. உங்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல. இப்ப மேல வாரேன்."

அதே குரல். ஆவணி வரை நான் வாழ்ந்த குரல். சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏணி ஏறினால் நான் இருக்கிறேன். கேட்டால் சொல்லப்போகிறேன், எத்தனை டால்பின் என்று. ஒரு பம்ப்பின் மறைவில் நின்று, மேலே அறையில் இருக்கிறவளுக்கு, அடுத்த கண்டத்துக்குப் பேசுவதுபோலப் பேசியிருக்கிறார்.

பதில் பேசலாம் என்று பொத்தானை அமுக்கினேன். போன் காத்திருந்தது. எனக்கும் வாய் வரவில்லை. அழித்துவிட்டேன். கடற்கரைக்குப் போகவே இல்லை. மிக்கேல் அண்ணன் பூசணிக்காயும் வாழைத்தாருமாக வரும்வரை அந்த மேசையிலேயே போன்களுக்குக் காவல் இருந்தேன்.

திரும்புகிற வழியில் மழை. பையைப் பாலிதீனில் சுற்றி மடியில் வைத்து மேலே கவிழ்ந்துகொண்டேன். ஏணியில் ஏறியதும் ஆளாளுக்கு வந்து அவரவர் போனை வாங்கிப்போனார்கள். கொஞ்ச நேரத்தில் கப்பலில் சத்தமே இல்லை. நடைவழியில், படிக்கட்டில், கயிற்றுச் சுருளின் மேல், ஒவ்வொருவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இவருடைய போனை மேசையில் வைத்துவிட்டேன். கவிழ்த்து.

டிசம்பர் 6

நேற்று சாயங்காலம் நங்கூரம் தூக்கிய பிறகு அவர் மேலே வந்தார். குளித்தார். போனை எடுத்துப் பார்த்தார்.

"எல்லாம் போயிருக்கு" என்றார்.

"கேட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். மிக்கேலண்ணன் சாம்பாரப் பாத்து, கடல் உள்ள வந்துட்டுன்னு சொன்னாரு. டால்பின் கூட்டமாத்தான் வந்துச்சு."

அவருக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

"மேல வந்து கேட்டா என்னங்க?"

போனின் முதுகிலிருந்த டேப்பை நகத்தால் உரித்தார். நான் விடவில்லை. "சொல்லுங்க. நாளைக்குக் கேப்டன் மெயில் அனுப்பணும். நான் இறங்கப்போறேன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"அதுக்கும் ஒண்ணும் சொல்லல."

"உன்னப் பாத்தா வர மாட்டேங்கு."

"என்ன வர மாட்டேங்கு?"

"பேச்சு." போனை உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ ஊருல இருக்கும்போது உன் முகம் எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. நானா ஒரு முகத்த நெனச்சுக்கிட்டுப் பேசுவேன்."

"என்ன முகம்?"

"கோவமில்லாத முகம்."

அதைக் கேட்டு எனக்கு அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, சிரிக்க வேண்டும்போலவும் இருந்தது. எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டேன்.

"நான் திரும்பி நிக்கேன். நீங்க பேசுங்க."

வெளியே வெளிச்சம் குறையக் குறையக் கண்ணாடியில் அவர் தெரிந்தார். போனை வாய்க்கு முன்னால் பிடித்திருந்தார். அதன் திரை அணைந்துதான் இருந்தது.

"ஆவுடை" என்று தொடங்கினார். "கேப்டன் கூப்பிட்டுத்தான் சொன்னாரு. அப்பா மெயில் போட்டிருந்தாங்க. பையன் இல்லன்னு. நான் சரின்னேன். பிஸ்டனக் கழட்டிப் போட்டிருந்தோம். கீழ போய் மாட்டுனேன். மாட்டாம கப்பல் நகராது. முடிஞ்சதும் எங்க போறதுன்னு தெரியல. திருப்பியும் கழட்டலாமான்னு இருந்துச்சு."

நான் திரும்பவில்லை.

"அடுத்த போர்ட்டுல சிக்னல் வந்துச்சு. ஆஸ்பத்திரில இருந்து நீ அனுப்பினது ஒண்ணு கெடந்துச்சு. சின்னது. அத நான் கேக்கல, ஆவுடை. இன்னைவரைக்கும் கேக்கல. நீ அழுதிருப்பன்னு பயம். அதுக்கப்பொறம் என்ன பேசினாலும் அதுக்குப் பதில் சொல்லாமப் பேசுத மாதிரியே இருந்துச்சு."

ஒன்றேகால் வருடமாக அவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்லாமல் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"நான் அழல" என்றேன், கண்ணாடியைப் பார்த்து. "ஆஸ்பத்திரில எழுத வேண்டியிருந்துச்சு. பேர் என்னன்னு கேட்டாங்க. ரெண்டு நாள் இருந்தாலும் பிள்ள பிள்ளதான, பேரு இருந்தா சொல்லுங்கன்னாங்க. உங்ககிட்ட கேக்காம வைக்க எனக்கு மனசில்ல. என்ன பேர் வைக்கட்டும்னு கேட்டிருந்தேன். அவ்வளவுதான்."

"பெறகு?"

"நர்சு எவ்வளவு நேரம் நிப்பா? ஆவுடை குழந்தைன்னு எழுதிட்டா."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியில் வெறும் கதவு தெரிந்தது. கப்பல் கொஞ்சம் சாய்ந்து நிமிர்ந்தது. பிறகு அவர் ஒரு பெயரைச் சொன்னார்.

"எப்ப யோசிச்சீங்க?"

"நீ உண்டாயிருக்கன்னு சொன்ன அன்னைக்கே. பிறந்தப்பொறம் சொல்லலாம்னு இருந்தேன்."

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

நான் திரும்பினேன். அவர் பார்வையை விலக்கவில்லை என்று எழுத ஆசைதான். விலக்கினார். ஆனால் போனைக் கட்டிலில் போட்டுவிட்டார். நானும் தரையில் உட்கார்ந்தேன். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. இது சாயங்காலங்களில் வழக்கமாகப் பேசாமல் இருப்பது மாதிரி இல்லை. எப்படி வேறு என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

இன்று காலையில் கேப்டன் கேட்டார். "என்ன தீர்மானம், மோளே? மொம்பாசாவில டிக்கெட் போடட்டா?"

"வேண்டாம், கேப்டன்."

"உறுதியா? அப்புறம் ரெண்டு மாசம் கடல்தான்."

"பயமாத்தான் இருக்கு. வேண்டாம்."

டிசம்பர் 7

நாள் முழுக்க வழக்கம்போலத்தான். அவர் கீழே, நான் மேலே. மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன். ஒரு வாக்கியத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற அளவுக்கு நான் படிக்காதவள் இல்லை.

சாயங்காலம் பாய்லர் சூட்டோடு அறை வாசலில் வந்து நின்றார். காதிலிருந்து பஞ்சை எடுத்தார். அந்தப் பெயரைச் சொல்லி, "இப்ப நடந்திருப்பான்லா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஓடியிருப்பான்" என்றேன். "இந்தக் கப்பல்ல அவனப் பிடிக்க ரெண்டு ஆளு வேணும்."